மகனின் பயமும் அம்மாவின் கையெழுத்தும்

மலேசியாவின் கெடா மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயது 47. தோட்ட அலுவலகத்தில் 21 ஆண்டுகளாகக் கிராணி வேலை, சம்பளம் 2,600 ரிங்கிட். குடியிருப்பதும் தோட்டத்து வீட்டில்தான். கணவர் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இளவயதில் அதே தோட்டத்தில் செம்பனை வேலை பார்த்த மாமியார், இப்போது எழுபதைத் தாண்டியவர், இவர்களோடு இருக்கிறார்.

ஒரே மகனுக்கு 18 வயது. எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், கூடுதல் கணிதம் இரண்டிலும் ஏ. பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமாவுக்கு இடம் வந்திருக்கிறது. போக மாட்டேன் என்கிறான். “இன்னும் அஞ்சு வருஷத்துல மனுஷனைவிட எல்லாத்துலயும் கெட்டிக்கார மெஷின் வந்துரும்மா. நான் படிச்சு முடிச்சு வெளிய வர்றப்போ வேலை இருக்காது, கடன் மட்டும்தான் இருக்கும்” என்பது அவன் வாதம். ராத்திரி இரண்டு மூன்று மணி வரை கைப்பேசியில் ஏஐ எனும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய காணொளிகளையே பார்க்கிறான். பகலில் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான், மற்ற நேரம் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. சோம்பேறித்தனத்துக்கு இது ஒரு சாக்கு என்று அப்பா திட்டுகிறார். சில நாள் “இருந்து என்ன ஆகப் போகுது” என்றும் சொல்கிறானாம்.

“ஏஐ எல்லாம் வெறும் கட்டுக்கதை என்று நீங்கள் எழுதினால், அதை அவனிடம் காட்டுவேன்” என்று முடித்திருக்கிறார். முடிப்பதற்கு முன் போகிற போக்கில் ஒரு வரி: “ஆபீசில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) முழுக்க ஆப்புக்கு மாறிவிட்டது. மாதக் கடைசிக்குள் ராஜினாமா கடிதம் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும் என்று மேனேஜர் சொன்னார். அது கிடக்கட்டும், எனக்கு மகன் விஷயம்தான் முக்கியம்.”

அன்புச் சகோதரி, நீங்கள் கேட்டதை என்னால் எழுத முடியாது. கட்டுக்கதை என்று எழுதினால் உங்கள் மகன் பத்து நிமிடத்தில் நான்கு ஆதாரங்களை எடுத்துக் காட்டிவிடுவான். அதற்கப்புறம் உங்களையும் நம்ப மாட்டான், என்னையும் நம்ப மாட்டான். அவன் பேசுவதில் உண்மை இருக்கிறது, தப்பான கணக்கும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தள்ளிப்போட முடியாது.

முதலில், “இருந்து என்ன ஆகப் போகுது”

இதைப் பேச்சுவாக்கில் சொன்னானா, மனதில் வைத்துச் சொன்னானா என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம், நேராகக் கேளுங்கள். சத்தமில்லாத ஒரு நேரத்தில், அப்பா பக்கத்தில் இல்லாதபோது, “தம்பி, சாகணும்னு உனக்குத் தோணுதாய்யா?” என்றே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பல அம்மாக்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பாரம் குறைகிறது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ அவனைத் தனியே விடாதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555 அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது குற்றம் என்ற சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம்.

தூக்கத்தையும் கவனியுங்கள். நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து உலகத்தின் முடிவைப் பற்றிப் பார்ப்பவனுக்கு எந்த யோசனையும் நேராக ஓடாது. கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் வீட்டில் எல்லார் கைப்பேசியும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், உங்கள் கணவருடையதும் சேர்த்து.

அவன் சொல்வதில் எது உண்மை

இயந்திரம் மனிதனை மிஞ்சும் என்ற யோசனை யூடியூபில் பிறந்ததில்லை. 1965இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஐ. ஜே. குட் எழுதினார்: மனிதனைவிட அறிவுள்ள ஓர் இயந்திரம் வந்தால் அது தன்னைவிட நல்ல இயந்திரத்தை வடிவமைக்கும், அது இன்னும் நல்லதை வடிவமைக்கும், அப்புறம் மனிதன் பின்னால் நிற்க வேண்டியதுதான். இன்று அந்த வாதத்தைக் கவலையோடு பேசுகிறவர்களில் இந்தத் துறையை உருவாக்கியவர்களே இருக்கிறார்கள். ஜெஃப்ரி ஹின்டன் 2023இல் கூகுளை விட்டு விலகி வெளிப்படையாக எச்சரித்தார். 2024இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஏஐயால் மனித இனமே அழியும் ஆபத்தைக் குறைப்பதை, கொள்ளைநோய், அணுவாயுதப் போர் போன்ற ஆபத்துகளுக்கு இணையான உலக முன்னுரிமையாகக் கருத வேண்டும் என்ற ஒற்றை வரி அறிக்கை 2023 மே மாதம் வெளிவந்தது. அதில் அவரும், அவரைப் போலவே இந்தத் துறையின் முன்னோடியான யோஷுவா பெஞ்சியோவும், ஏஐ நிறுவனங்களின் தலைவர்கள் சிலருமே கையெழுத்திட்டார்கள்.

வேகமும் உண்மைதான். 2025 ஜூலையில் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட் கேள்விகளில் ஆறில் ஐந்தை கூகுள் டீப்மைண்ட், ஓபன்ஏஐ நிறுவனங்களின் ஏஐகள் சரியாகச் செய்து தங்கப் பதக்கத் தரத்தை எட்டின. கணிதத்தில் ஏ எடுத்ததைப் பெருமையாக வைத்திருக்கும் ஒரு பையன் இதைப் படித்தால் எப்படி இருக்கும்? அவனுக்கு அடிபட்டிருப்பது அந்த இடமாகக்கூட இருக்கலாம். சோம்பேறி என்று சொல்லும்போது அந்தக் காயத்தின் மேலேயே கை வைக்கிறோம். இதை உங்கள் கணவர் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குப் போகிற, கணக்குப் போட்டுப் பேசுகிற பிள்ளை சோம்பேறி இல்லை, பயந்துபோயிருக்கிறான்.

எங்கே கணக்குத் தப்புகிறது

“அஞ்சு வருஷம்” என்ற அந்தத் தேதியில்தான் தப்புகிறது. 2023இல் 2,778 ஏஐ ஆய்வாளர்களிடம் ஒரு பெரிய கருத்தாய்வு நடந்தது. மனிதன் செய்யும் ஒவ்வொரு பணியையும் இயந்திரம் தனியாக, அவனைவிட நன்றாகவும் மலிவாகவும் செய்யும் நாள் எப்போது என்று கேட்டார்கள். பதில்களைத் திரட்டிப் பார்த்ததில் 2027க்குள் வர 10 விழுக்காடு வாய்ப்பு, 2047க்குள் வர 50 விழுக்காடு வாய்ப்பு என்று வந்தது. அதே கருத்தாய்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, எல்லாத் தொழில்களும் முழுக்க இயந்திரமயமாகும் நாள் எது என்று கேட்டபோது, 50 விழுக்காடு வாய்ப்புக்கான ஆண்டு 2116க்குப் போய்விட்டது! கேட்கும் விதம் மாறினால் நிபுணர்களின் பதிலே எழுபது ஆண்டு நகர்கிறது என்றால், ஒரு காணொளியில் ஒருவர் அடித்துச் சொல்லும் ஆண்டை வைத்து உங்கள் மகன் தன் வாழ்க்கையை முடிவுசெய்யக் கூடாது. பத்து விழுக்காடு என்பதையும் சும்மா தள்ளிவிட முடியாது, அதை அவனிடம் ஒளிக்காதீர்கள்.

அப்புறம் ஹின்டன் கதையின் மறுபாதி. அவரே 2016இல், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டில் இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் படம் பார்க்கும் என்றார். இயந்திரம் படம் பார்க்கக் கற்றுக்கொண்டது உண்மை. ஆனால் பல நாடுகளில் இன்றும் அந்த மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடு. அவர் பேச்சைக் கேட்டு அன்று அந்தப் படிப்பை விட்டிருந்த மாணவனுக்கு யார் பதில் சொல்வது? ஹின்டன் அறிவில் குறைந்தவர் என்று இதற்கு அர்த்தமில்லை. இயந்திரத்தால் ஒரு பணியைச் செய்ய முடிவதற்கும் அந்த வேலையே இல்லாமல் போவதற்கும் நடுவில் சட்டம், செலவு, பொறுப்பு, மனிதர்களின் பழக்கம் என்று நிறைய இருக்கிறது. அந்த இடைவெளியின் நீளத்தை அவராலும் கணிக்க முடியவில்லை.

மெட்ர் என்ற ஆய்வுக்குழு 2025இல் வெளியிட்ட ஓர் அளவையும் மகன் பார்த்திருப்பான். ஏஐ செய்து முடிக்கும் வேலைகளின் நீளம் (அதைச் செய்ய ஒரு மனிதருக்கு ஆகும் நேரம்) ஏறத்தாழ ஏழு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகி வருகிறது என்பது அது. மலைக்க வைக்கும் வேகம்தான். ஆனால் அளந்தது பெரும்பாலும் கணினி நிரல் எழுதும் வேலைகளை, அதுவும் பாதிக்குப் பாதி வெற்றி என்ற கணக்கில். உயர்மின் அறையில் கையுறை போட்டுக்கொண்டு செய்யும் வேலையில் பாதிக்குப் பாதி சரி என்பது யாருக்கும் போதாது. இந்த வித்தியாசத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். “அது எந்த வேலையை அளந்தது, எப்படி அளந்தது?” என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை, தேடிப் படிப்பான்.

பாட்டியிடம் ஒரு கதை இருக்கிறது

உங்கள் மாமியார் செம்பனையில் எந்த வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. 1981க்கு முன் வேலை செய்தவர் என்றால், பூவுக்கு மகரந்தம் தூவும் வேலை அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் இங்கே செம்பனைப் பூக்கள் தானாகச் சரியாகக் காய் பிடிக்காது. மகரந்தத்தை டால்கம் பொடியோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூங்கொத்தின் மேல் ஊதித் தூவுவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டை ஜொகூர் தோட்டங்களில் விட்டார்கள். ஓராண்டுக்குள் நாடு முழுக்க அந்த வேலையை வண்டே பார்த்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான கைகள் செய்த வேலை ஒரு பூச்சியால் போயிற்று.

அதே தோட்டத்தில் குலை வெட்டும் வேலையைப் பாருங்கள். பல ஆண்டுகளாக இயந்திரம் கண்டுபிடிக்க முயல்கிறார்கள். மோட்டார் அரிவாள் வந்தது, குட்டையான மரங்களுக்கு உதவுகிறது. உயரமான மரத்தில் இன்னும் நீளக் கம்பும் அரிவாளும் பிடித்த மனிதன்தான் அண்ணாந்து நிற்கிறான். எது முதலில் போகும், எது நிலைக்கும் என்பதை 1980இல் எந்த துரையாலும் சரியாகச் சொல்லியிருக்க முடியாது. இதைப் பாட்டி வாயால் மகன் கேட்கட்டும். நம் தோட்டக் குடும்பங்கள் தொழில்நுட்ப மாற்றத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதும் எவ்வளவோ பட்டிருக்கிறோம். அதில் அதிகமாக அடிபட்டவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்து, கையில் ஒரு சான்றிதழோ எழுத்தில் ஓர் உறுதியோ இல்லாமல் வெளியே வந்தவர்கள். எனக்கு இந்த விஷயத்தில் கோபமே உண்டு. அதனால்தான் உங்கள் கடிதத்தின் அந்த ஒற்றை வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

படிப்பு, கடன், காத்திருப்பு

எதிர்காலம் இரண்டு விதமாகவும் போகலாம் என்று வைத்துக்கொண்டு, இரண்டிலும் நஷ்டமில்லாத முடிவு எது என்று பார்ப்பதுதான் அவனுக்கு நான் சொல்லும் வழி. மின்பொறியியல் டிப்ளோமா அந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறது. ஏஐ வேகமாக வளர்ந்தால் அதற்கு மின்சாரம் வேண்டும், குளிரூட்டல் வேண்டும், ஜொகூரில் எழும்பிக்கொண்டிருக்கும் தரவு மையங்களைப் பராமரிக்க ஆள் வேண்டும். மெதுவாக வளர்ந்தாலும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா உங்களுக்குத் தொலைவில் இல்லை. வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ்களை எரிசக்தி ஆணையம் கொடுக்கிறது. குறிப்பிட்ட மின் நிறுவல்களைத் தகுதி பெற்ற மனிதர் பொறுப்பில்தான் இயக்க வேண்டும் என்பது சட்டம். சட்டமும் ஒரு நாள் மாறலாம், ஆனால் அது ஒரே ராத்திரியில் மாறுவதில்லை.

கடனைப் பற்றிய அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. அரசாங்கப் பாலிடெக்னிக்கின் கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. அரசாங்கத்தின் உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். தகுதி இருக்கிறது என்பதற்காக முழுத் தொகையையும் எடுக்க வேண்டாம், தேவைப்படுவதை மட்டும் எடுக்கலாம். பயப்பட வேண்டிய கடன் வேறு இடத்தில் இருக்கிறது. “ஏஐ படிப்பு, வேலை உறுதி” என்று பல ஆயிரம் ரிங்கிட் கேட்கும் விளம்பரங்கள் இந்தப் பயத்தை வைத்தே வியாபாரம் செய்கின்றன. படிப்புகளின் தரத்தை அங்கீகரிக்கும் அரசாங்க அமைப்பான எம்.கியூ.ஏ.வின் பட்டியலில் பெயர் இல்லாத எதிலும் ஒரு சென் கூடக் கட்டாதீர்கள்.

ஓராண்டு பொறுத்துப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னால் அது பாவமில்லை. ஆனால் இந்த இடம் அடுத்த ஆண்டும் தானாகக் காத்திருக்காது. அறைக்குள் கழியும் ஓராண்டு அவன் பயத்தை வளர்க்கத்தான் செய்யும். என் விருப்பத்தைக் கேட்டால், ஒரு பருவம் போய்ப் பார்க்கச் சொல்வேன். பருவம் முடிந்ததும் அவன் சொல்வதைக் கேட்டு மறுபடி பேசுவோம் என்று நீங்களும் கணவரும் வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். ஏஐயின் ஆபத்து அவனை உண்மையிலேயே உறுத்துகிறது என்றால், அதைக் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று ஆராய்வதே இன்று ஒரு துறை. கணிதம் தெரிந்தவர்கள் அதற்குத் தேவைப்படுகிறார்கள். பயந்தவன் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அந்த ராஜினாமா கடிதம்

சகோதரி, தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. ஆனால் தோட்டத்துக் குடும்பங்களோடு பழகுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சட்டம் இது.

நீங்களாக ராஜினாமா செய்தால் அது உங்கள் விருப்பம் என்று ஆகிவிடும். நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் 1980ஆம் ஆண்டு பணிநிறுத்த இழப்பீட்டு விதிகளும் உங்களைக் காக்கும். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வார நோட்டீஸ். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் என்பதால், ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடு. உங்கள் 21 ஆண்டுக்கு அது 420 நாள் சம்பளம், ஒரு நாள் சம்பளத்தைச் சராசரி போட்டால் ஏறத்தாழ 36,000 ரிங்கிட். மேனேஜர் “கூடுதல்” என்று சொல்லும் இரண்டு மாதச் சம்பளம் அந்த 8 வார நோட்டீஸ் அளவுக்குத்தான் வரும். மீதியை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதியும் இருக்கிறது. வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பித்தால், முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 30 என்று அதிகபட்சம் ஆறு மாதம் உதவித்தொகை கிடைக்கும். சொந்த விருப்பத்தில் ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. நிறுவனம் முறையாக அறிவிக்கும் சுயவிருப்ப விலகல் திட்டம் என்றால் கிடைக்கும். ஆகவே மேனேஜரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “சார், கம்பெனி லெட்டர்ல எழுதிக் கொடுங்க. ஆட்குறைப்பா, விலகல் திட்டமா, எவ்வளவு தொகை, வீட்டுல எத்தனை நாள் இருக்கலாம், எல்லாம் அதுல வரணும்.” தோட்ட அலுவலகப் பணியாளர்களுக்கென்று தொழிற்சங்கம் இருக்கிறது. உறுப்பினர் என்றால் அவர்களைக் கூப்பிடுங்கள், கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல தொகைகூட இருக்கலாம். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கிவிட்டார்கள் என்றால், 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தவறினால் வழி அடைபட்டுவிடும்.

உங்கள் வேலையைத் தொட்டது மனிதனை மிஞ்சிய அறிவு கொண்ட எதுவும் இல்லை, கைப்பேசியில் ஓடும் ஒரு வருகைப்பதிவு ஆப். அதை உங்கள் மகன் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறான். இருபத்தொரு ஆண்டு உழைத்த அம்மாவை ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டால், படிப்பின் மேல் நம்பிக்கை எங்கிருந்து வரும்? இந்த விஷயத்தை அவனிடம் மறைக்காதீர்கள். சம்பளச் சீட்டுகளையும் வேலை நியமனக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்து, இழப்பீட்டுக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். ஏஐயிடம் கேட்டும் போடட்டும், ஆனால் அது சொல்லும் தொகையைத் தொழிலாளர் இலாகா அதிகாரியிடம் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். இலாகாவுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாரங்களை அவன் நிரப்பட்டும்.

பாலிடெக்னிக் இடத்தை ஏற்க என்றைக்குக் கடைசி நாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை இன்றே பாருங்கள். மாதக் கடைசிக்கு முன் அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும், பதில் சொல்வதற்கு முன் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைத் தோட்டத்துக்கு வெளியே உங்கள் அண்ணன் வீட்டிலோ அக்காள் வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.